பாடச் சொன்னால் கூவும் பெருக்கி

பள்ளி ஆண்டு விழாவில் இதைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். பேச வந்தவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் நகர்கிறார். உடனே 'ஊ...' என்று காதைத் துளைக்கும் கூவல் கிளம்புகிறது. மைக் செட்காரர் ஓடிவந்து ஒலியளவைக் குறைக்கிறார். கூவல் அடங்குகிறது.

அந்த ஒலி எங்கிருந்து வந்தது? மேடையில் யாரும் ஊதவில்லை. பெட்டியிலிருந்து வந்த சிறு ஒலி மைக்கில் விழுந்தது. பெருக்கப்பட்டு மீண்டும் பெட்டிக்கு வந்தது. முன்னிலும் பலமாக மைக்கில் விழுந்தது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து வளர்ந்த ஒலிதான் அந்தக் கூவல். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதி அதன் உள்ளீட்டுக்கே திரும்பி வருவதைப் பின்னூட்டம் என்கிறோம். வந்த ஒலியோடு கூடி அதை வளர்த்தால் அது நேர்ப் பின்னூட்டம்.

மேடையில் நிகழும் கூவல் காதில் விழுகிறது. ஆகவே உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் ஆசையாகச் செய்யும் சிறு ஒலிப்பெருக்கிக்குள்ளேயே இதே கூவல் நொடிக்கு ஐந்து லட்சம் முறை அதிர்ந்துகொண்டிருந்தால்? நம் காதுகள் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பாட்டு சற்றுக் கரகரக்கும். தொகுப்புச் சுற்று காரணமின்றிச் சுடும். மின்கலம் விரைவில் தீரும். சில வேளை ஸ்பீக்கரின் நுண்ணொலிப் பகுதியான ட்வீட்டர் கருகியும் போகும். குற்றவாளி மட்டும் கண்ணிலும் படமாட்டான், காதிலும் விழமாட்டான்.

இவனை எப்படிப் பிடிப்பது? பெருக்கி நன்றாகப் பாடுகிறதா என்பதை எப்படி அளப்பது? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

படகில் உதித்த எண்ணம்

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. தொலைபேசிக் கம்பிகள் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீண்ட காலம் அது. கம்பியில் போகப் போகப் பேச்சின் வலிமை குன்றும். ஆகவே வழி நெடுகப் பெருக்கிகளை வைத்தார்கள். ஒவ்வொரு பெருக்கியும் பேச்சின் உருவத்தைச் சிறிது சிதைத்தது. ஒரு பெருக்கி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான பெருக்கிகள் வரிசையாக நின்றால் மறுமுனையில் பேச்சே புரியாது. இந்தச் சிதைவையே திரிபு என்கிறோம்.

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெரால்ட் பிளாக் என்ற இளம் பொறியாளர் இதற்காகப் பல ஆண்டுகள் முயன்றார். 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது விடை மின்னலெனத் தோன்றியது. கையில் இருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஏதும் அச்சாகாத ஒரு பக்கத்தில் படத்தையும் சமன்பாட்டையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் எண்ணம் இதுதான். தேவைக்கு மேல் பல மடங்கு பெருக்கும் ஒரு பெருக்கியைச் செய். வெளியீட்டில் ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளீட்டிலிருந்து கழி. பெருக்கி தவறு செய்தால் அந்தத் தவறும் திரும்பி வந்து கழிபடும். பெருக்கி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். கூட்டுவதற்குப் பதில் கழிப்பதால் இது எதிர்ப் பின்னூட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக விட்டால் 2,00,000 மடங்கு பெருக்கும் பெருக்கி ஒன்று. வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. மொத்தப் பெருக்கம், 2,00,000-ஐ (1 + 20,000)-ஆல் வகுத்த ஈவு. அதாவது 9.9995. இப்போது சூட்டினாலோ மின்கலம் தளர்ந்ததாலோ பெருக்கியின் திறன் பாதியாகி 1,00,000 ஆகிவிட்டது என்று கொள்வோம். மொத்தப் பெருக்கம் 9.9990. பெருக்கியின் திறனில் பாதி போனபின்னும் விடை ஏறத்தாழ அசையவில்லை! பெருக்கத்தை முடிவு செய்வது இப்போது பெருக்கியன்று. பங்கைப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு மின்தடைகளே.

திரிபும் இவ்வாறே குறைகிறது. எவ்வளவு மடங்கு பெருக்கத்தை விட்டுக்கொடுத்தோமோ ஏறத்தாழ அவ்வளவு மடங்கு திரிபு குறையும். ஒரு லட்சம் சம்பாதித்து, பத்து ரூபாயில் குடும்பம் நடத்துவதைப் போன்ற இந்த யோசனையை அன்று பலர் எளிதில் ஏற்கவில்லை. பிளாக் 1928-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது.

தாமதம் செய்யும் தவறு

இவ்வளவு நல்ல மருந்தானால் அளவின்றிக் கொடுக்கலாமே? கூடாது. காரணம், தாமதம்.

ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். ஆடும் ஊஞ்சலை நிறுத்த விரும்பும் ஒருவர், அது தம்மை நோக்கி வரும்போது கையால் தடுக்கிறார். ஊஞ்சல் அடங்குகிறது. அவர் கை அரை ஆட்ட நேரம் தாமதமாகிவிட்டால்? ஊஞ்சல் விலகிப் போகும் நேரத்தில் கை அதன்மேல் படும். தடுக்க நீட்டிய கை தள்ளிவிடும் கையாகிவிடும். ஊஞ்சல் மேலும் உயரப் பறக்கும்.

பெருக்கியிலும் இதுவே நிகழ்கிறது. அதனுள் இருக்கும் ஒவ்வொரு நிலையிலும் மின்தடையும் சிறிதளவு மின்தேக்குதிறனும் உண்டு. இவை சேர்ந்து, அதிர்வெண் உயர உயர அலையைப் பின்தங்கச் செய்கின்றன. இந்தப் பின்தங்கலைக் கட்ட வேறுபாடு என்று டிகிரியில் சொல்வார்கள்; ஒரு முழு அலை 360 டிகிரி. ஒரு நிலை தரக்கூடிய பின்தங்கல் 90 டிகிரியை எட்டலாம். மூன்று நிலைகள் சேர்ந்தால் 180 டிகிரியைத் தாண்டிவிடும். 180 டிகிரி என்பது சரியாக அரை அலை. அந்த அதிர்வெண்ணில் கழிக்கவேண்டிய அலை கூட்டப்படுகிறது. எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாக மாறுகிறது. சுற்றி வரும் அலை அப்போதும் வலிமை குன்றாமல் இருந்தால் பெருக்கி அலையியற்றி ஆகிவிடும். உள்ளீட்டில் ஒன்றும் கொடுக்காமலே கூவும்.

இந்த நிபந்தனையைத் தெளிவான கணிதமாக்கியவர் சுவீடனில் பிறந்து பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹாரி நைக்விஸ்ட். அவருடைய கட்டுரை 1932-இல் வெளியாயிற்று. அங்கேயே பணியாற்றிய ஹென்ட்ரிக் போடே, வரைபடத்தைப் பார்த்தே பெருக்கி நிலையாக நிற்குமா என்று சொல்லும் வழியை வகுத்தார். சுற்றி வரும் அலையின் அளவு ஒரு மடங்காகக் குறையும் இடத்தில், 180 டிகிரியை எட்ட இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்று பார்க்கவேண்டும். அந்த மிச்சமே நமது பாதுகாப்பு. 60 டிகிரி இருந்தால் நிம்மதி. 45 டிகிரி இருந்தால் பரவாயில்லை. 10, 15 என்று சுருங்கினால் பெருக்கி விளிம்பில் நிற்கிறது என்று பொருள்.

30 பிக்கோஃபாரட்

இனி நம் கைக்கு எட்டும் பொருளுக்கு வருவோம். எட்டுக் கால்கள் கொண்ட கறுப்புப் பூச்சி போன்ற அந்தத் தொகுப்புச் சுற்றைப் பார்த்திருப்பீர்கள். அதுவே செயல்பாட்டுப் பெருக்கி, செல்லமாக 'ஆப்-ஆம்ப்'. கூட்டல், கழித்தல் முதலிய கணிதச் செயல்களை மின்னழுத்தத்தைக் கொண்டு செய்யப் பயன்பட்டதால் வந்த பெயர் இது.

1965-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்த 709 என்னும் ஆப்-ஆம்ப் வெளிவந்தது. நல்ல பெருக்கி. ஆனால் அது கூவாமல் இருக்க, மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் வெளியே கணக்குப் பார்த்துப் பொருத்தவேண்டும். 1967-இல் விட்லர் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் எல்எம் 101 என்பதைச் செய்தார். அதற்கு வெளியே ஒரே ஒரு 30 பிக்கோஃபாரட் மின்தேக்கி போதும். 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் டேவ் ஃபுல்லகர் அந்த மின்தேக்கியையும் சிலிக்கான் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டார். அதுதான் புகழ்பெற்ற 741. பொருத்தினால் போதும், நிலையாக நிற்கும். அதனாலேயே உலகெங்கும் மாணவர்களின் முதல் ஆப்-ஆம்ப் ஆயிற்று.

அந்தச் சிறு மின்தேக்கி என்ன செய்கிறது? பெருக்கத்தை வேண்டுமென்றே சீக்கிரம் குறைக்கிறது. 741-இன் முழுப் பெருக்கம் ஏறத்தாழ 2,00,000. அது 5 ஹெர்ட்ஸிலிருந்தே இறங்கத் தொடங்குகிறது! அதிர்வெண் பத்து மடங்கானால் பெருக்கம் பத்தில் ஒன்றாகிறது. 1,000 ஹெர்ட்ஸில் 1,000. 20,000 ஹெர்ட்ஸில் 50. பத்து லட்சம் ஹெர்ட்ஸில் 1. மற்ற நிலைகளின் தாமதம் சேர்ந்து 180 டிகிரியை எட்டும் முன்பே சுற்றி வரும் அலை வலிமை இழந்துவிடுகிறது. கூவல் பிறக்க வழியில்லை.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. இந்தப் பாதுகாப்புக்கு இரண்டு விலை கொடுக்கிறோம்.

முதல் விலை, திரிபு. பெருக்கத்தை 10 மடங்காக அமைத்த 741-இல், 1,000 ஹெர்ட்ஸில் தோன்றும் திரிபுக் கூறு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. 20,000 ஹெர்ட்ஸில் தோன்றும் கூறோ ஐந்தில் ஒரு பங்காகத்தான் குறையும். திருத்துவதற்கு மிச்சப் பெருக்கம் அங்கே இல்லை.

இரண்டாவது விலை, வேகம். அந்த மின்தேக்கியை நிரப்ப உள்ளிருக்கும் முதல் நிலை தரக்கூடிய மின்னோட்டம் 15 முதல் 20 மைக்ரோ ஆம்பியர்தான். குடம் சிறியதானாலும் குழாய் அதைவிட மெல்லியது! ஆகவே 741-இன் வெளியீடு ஒரு மைக்ரோ நொடியில் ஏறத்தாழ அரை வோல்ட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. இதை ஏறுவேகம் என்போம். கருவிக் குறிப்புகளில் ஸ்லூ ரேட் என்று காணலாம். 10 வோல்ட் உச்சம் கொண்ட சைன் அலையைத் திரிபின்றித் தரவேண்டுமானால், 5,00,000-ஐ 2 × 3.14 × 10 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 8,000 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் அழகிய சைன் அலை, முக்கோணமாக வெளிவரும்.

இப்படி வேகம் போதாத பெருக்கிகளில் பாட்டின் திடீர் எழுச்சிகள் சிதைவதைப் பற்றி, பின்லாந்தைச் சேர்ந்த மத்தி ஒட்டாலா 1970-இல் கட்டுரை எழுதினார். அதன் பின்னர் ஏறுவேகம் என்ற சொல் ஒலிப்பெருக்கி செய்வோர் நாவில் நின்றது. பின்னால் வந்த 5534 என்ற ஆப்-ஆம்பின் ஏறுவேகம் மைக்ரோ நொடிக்கு 13 வோல்ட். ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பெருக்கம் 3 மடங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் அது தானாக நிலையாக நிற்கும். அதற்குக் கீழே போனால் வெளியே மின்தேக்கி பொருத்தியாக வேண்டும். 741-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் அப்படியே 5534-ஐச் செருகியதும் சில பெருக்கிகள் கூவத் தொடங்குவது இதனால்தான்.

திரிபை அளப்பது எப்படி?

பெருக்கிக்கு 1,000 ஹெர்ட்ஸ் தூய சைன் அலை கொடுக்கிறோம். திரிபு இல்லாவிட்டால் 1,000 ஹெர்ட்ஸ் மட்டுமே வெளிவரவேண்டும். திரிபு இருந்தால் 2,000, 3,000, 4,000 என்று அதன் மடங்குகளும் உடன் வரும். இவை சீரிசைகள் எனப்படும். வடிகட்டி ஒன்றால் 1,000 ஹெர்ட்ஸை மட்டும் நீக்கிவிட்டு, மிஞ்சியதை அளந்தால் திரிபு தெரிந்துவிடும். சோற்றைத் தள்ளிவிட்டுக் கல்லை மட்டும் எடுத்து நிறுப்பதைப் போல!

எடுத்துக்காட்டாக, அடிப்படை அலை 1 வோல்ட். இரண்டாம் சீரிசை 3 மில்லிவோல்ட். மூன்றாம் சீரிசை 4 மில்லிவோல்ட். இவற்றை நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காணவேண்டும். 9 + 16 = 25; வர்க்கமூலம் 5. ஆக, திரிபு 1,000-க்கு 5, அதாவது 0.5%. பித்தகோரஸ் இங்கேயும் வந்துவிட்டார், பார்த்தீர்களா?

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கொடுக்கும் அலையே தூய்மையாக இல்லாவிட்டால், அதன் குறையைப் பெருக்கியின் குறை என்று எண்ணிவிடுவோம். தூய அலையை மலிவாகத் தரும் கருவியைச் செய்தவர் பில் ஹியூலட். நேர்ப் பின்னூட்டத்தால் அலைவை உண்டாக்கி, அது கட்டுமீறாமல் தடுக்க எதிர்ப் பின்னூட்டப் பாதையில் ஒரு சிறிய மின்விளக்கை வைத்தார். அலை பெரிதானால் விளக்கின் இழை சூடாகும். அதன் மின்தடை உயரும். பெருக்கம் குறைந்து அலை பழைய அளவுக்கே வரும். 1939-இல் ஹியூலட்-பக்கார்ட் நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருள் இந்த அலையியற்றியே. 'ஃபேன்டேசியா' படத்தின் ஒலி வேலைகளுக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் இவ்வகைக் கருவிகள் எட்டு வாங்கிற்று. பெருக்கியில் நாம் அஞ்சும் கூவலே, கடிவாளம் போட்டால் அளவுகோல் ஆகிறது!

இன்று தனிக்கருவி இல்லாமலும் அளக்கலாம். கணிப்பொறியின் ஒலி அட்டையே சைன் அலையைத் தரும். திரும்பி வரும் அலையைப் பதிவு செய்து அதிர்வெண்வாரியாகப் பிரித்தும் காட்டும். அதற்கான இலவச நிரல்கள் கிடைக்கின்றன. முதலில் பெருக்கி இல்லாமல் ஒலி அட்டையின் வெளியீட்டை அதன் உள்ளீட்டோடு நேராக இணைத்து அளந்துகொள்ளுங்கள். அது ஒலி அட்டையின் சொந்தத் திரிபு. அதைவிடக் குறைந்த திரிபை அந்த அட்டையால் காட்ட முடியாது.

அளவி காணாத குற்றவாளி

இப்போது ஒரு கேள்வி. உங்கள் பெருக்கியின் திரிபு 0.01% என்று கணிப்பொறி காட்டுகிறது. பெருக்கி நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஒலி அட்டை நொடிக்கு 48,000 முறை மாதிரி எடுத்தால், 24,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை மட்டுமே அது காணும். அதற்கு மேலுள்ளவற்றை வடிகட்டி நிறுத்திவிடும். பெருக்கி ஐந்து லட்சம் ஹெர்ட்ஸில் கூவிக்கொண்டிருந்தாலும் அளவியின் கண்ணில் அது படாது. நைக்விஸ்டின் பெயர் இங்கும் வருகிறது. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதியை நைக்விஸ்ட் அதிர்வெண் என்றே அழைக்கிறோம்.

15,000 ஹெர்ட்ஸ் அலையின் திரிபும் இப்படியே தப்பிவிடும். அதன் இரண்டாம் சீரிசை 30,000 அல்லவா? இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. 19,000, 20,000 ஹெர்ட்ஸ் அலைகள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பெருக்கி திரித்தால் இரண்டின் வேறுபாடான 1,000 ஹெர்ட்ஸ் புதிதாகப் பிறக்கும். அது அளவியிலும் தெரியும், காதிலும் விழும்.

ஆனால் மறைந்த கூவலைக் காண ஆசிலாஸ்கோப்தான் சரியான கருவி. அருகிலுள்ள கல்லூரி அல்லது பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைப் பொதுத் தரையாகக் கொள்ளுங்கள். 741-இன் 7-ஆம் கால் நேர் மின்னழுத்தம். 4-ஆம் கால் எதிர் மின்னழுத்தம். 3-ஆம் கால் உள்ளீடு. வெளியீடான 6-ஆம் காலை நேராக 2-ஆம் காலுடன் இணைத்தால் பெருக்கம் 1. வெளியீடு முழுவதும் திரும்பி வருவதால், நிலைத்தன்மைக்கு இதுவே மிகக் கடுமையான தேர்வு.

உள்ளீட்டில் 0.1 வோல்ட் அளவுள்ள, 10,000 ஹெர்ட்ஸ் சதுர அலை கொடுங்கள். வெளியீட்டில் அலையின் மூலைகளைக் கவனியுங்கள். பிறகு வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் அலை எகிறி, சிற்றலைகளாக நடுங்கி அடங்குவதைக் காண்பீர்கள். மின்தேக்கி கூடுதல் தாமதத்தைச் சேர்த்து, பாதுகாப்பு டிகிரிகளைத் தின்றுவிட்டது. நடுக்கம் நீள நீள, பெருக்கி விளிம்பை நெருங்குகிறது.

இப்போது 6-ஆம் காலுக்கும் மின்தேக்கிக்கும் இடையே 100 ஓம் மின்தடையைச் சேருங்கள். பின்னூட்டக் கம்பி 6-ஆம் காலிலேயே இருக்கட்டும். நடுக்கம் பெரிதும் அடங்கிவிடும். நாம் சேர்த்த மின்தேக்கி செயற்கையானதன்று. உறையிட்ட ஒலிக்கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கொண்டது. நீண்ட கம்பியைப் பெருக்கியில் மாட்டும்போதெல்லாம் இதே சோதனையைத்தான் அறியாமல் செய்கிறோம்.

ஆசிலாஸ்கோப் கிடைக்காதவர்களுக்கும் சில அடையாளங்கள் உண்டு. உள்ளீட்டைத் தரையோடு இணைத்தபின்னும் தொகுப்புச் சுற்று சுடுகிறதா? மின்கலத்திலிருந்து செல்லும் மின்னோட்டம் கருவிக் குறிப்பில் உள்ளதைவிட மிகுதியா? விரலை அருகில் கொண்டுபோனால் ஒலியின் தன்மை மாறுகிறதா? வீட்டில் பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் பக்கத்தில் வைத்து முள்ளை மெல்லத் திருப்புங்கள். பெருக்கியைப் போட்டதும் தோன்றி, அணைத்ததும் மறையும் விசில் ஒலி கேட்டால் சந்தேகம் பெரிதும் உறுதிப்படும்.

கூவலுக்கு மருந்தும் எளியதே. ஆப்-ஆம்பின் இரு மின்னழுத்தக் கால்களுக்கும் மிக அருகில், தரைக்கு ஒவ்வொரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி பொருத்துங்கள். உள்ளீட்டுக் கம்பியையும் வெளியீட்டுக் கம்பியையும் பக்கம் பக்கமாக ஓடவிடாதீர்கள். பின்னூட்ட மின்தடையை 2-ஆம் காலை ஒட்டியே சால்டர் செய்யுங்கள். ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கியானால், சுற்றுப்படத்தில் வெளியீட்டின் குறுக்கே காட்டியுள்ள 10 ஓம் மின்தடையையும் அதனோடு தொடராக வரும் சிறு மின்தேக்கியையும் வேண்டாததென்று விட்டுவிடாதீர்கள்.

எந்தச் சோதனையையும் மின்கலத்தில் செய்யுங்கள். வீட்டு மின்சாரத்தில் நேராகக் கை வைக்காதீர்கள். முதலில் சதுர அலையால் நிலைத்தன்மையைப் பாருங்கள். அதில் தேறிய பிறகே திரிபை அளங்கள். ஆய்வுக் குறிப்பேட்டில் திரிபின் சதவீதத்தை எழுதும்போது, எந்த அதிர்வெண்ணில், எத்தனை வோல்ட்டில், எத்தனை மடங்கு பெருக்கத்தில் அளந்தீர்கள் என்பதையும், ஒலி அட்டையின் சொந்தத் திரிபையும் பக்கத்தில் எழுதுங்கள். நாளை உங்கள் நண்பர் அதே சுற்றைச் செய்து அளந்து பார்க்கும்போது, உங்கள் எண்ணோடு ஒப்பிட அவருக்கு அவையெல்லாம் தேவைப்படும்.